டில்லிக் குளிருக்காக நான் சொன்ன சாவு

மூன்று வருடங்களுக்கு முன், ஒரு மார்கழிக் கடைசியில், காஞ்சிபுரம் பிள்ளையார்பாளையத்தில் எங்கள் தெருவில் நடந்தது இது. நடந்தது என்று சொல்வதுகூடத் தப்பு. நான் நடத்தி வைத்தது. இதுவரை யாரிடமும் முழுசாகச் சொன்னதில்லை. சொன்னால் முதலில் சிரிப்பார்கள், அப்புறம் என்னைப் பார்க்கும் பார்வை மாறிவிடும் என்ற பயம்தான்.

நான் ஒரு தனியார் பள்ளியில் நாலாம் வகுப்பு ஆசிரியை. கணவருக்கு ஒரகடம் பக்கம் கம்பெனி வேலை. எங்கள் ஒரே பையன் அந்த வருடம்தான் கோயமுத்தூரில் கல்லூரி விடுதிக்குப் போனான். வீடு வெறிச்சோடியது. அப்போதுதான் டில்லியில் இருக்கும் என் கல்லூரித் தோழி, வருடா வருடம் சொல்வதையே மறுபடியும் சொன்னாள். "ஜனவரில வாடி. வாயத் தொறந்தா புகை வரும்."

எனக்கு அந்தப் புகை மேல் சின்ன வயசிலிருந்தே ஆசை. எங்கள் ஊரில் குளிர் என்றால், விடியற்காலையில் எழுந்து ஃபேனை இரண்டாம் நம்பருக்குக் குறைப்பதுதான். பனிமூட்டம், கம்பளி, கணப்பு என்றெல்லாம் பிள்ளைகளுக்குப் பாடம் நடத்துவேன். ஒன்றையும் கண்ணால் பார்த்ததில்லை.

அக்டோபரிலேயே விமான டிக்கெட் போட்டுவிட்டோம். வெள்ளி காலை கிளம்பி ஞாயிறு ராத்திரி திரும்புவது. அடுத்த வியாழன்தான் பொங்கல் என்பதால் அதற்கும் இடைஞ்சல் இல்லை. கல்யாணமாகி இருபது வருடத்தில் நாங்கள் இரண்டு பேர் மட்டும் போகிற முதல் பயணம். ஒரு நாற்பது பக்க நோட்டு வாங்கி, பாடத்திட்டம் எழுதுகிற மாதிரி எழுதினேன். வெள்ளி மாலை இந்தியா கேட். சனி காலை குதுப்மினார், மதியம் செங்கோட்டை, சாயங்காலம் சாந்தினி சவுக்கில் சுடச்சுடப் பரோட்டா. ஞாயிறு கடைவீதி. காந்தி ரோட்டு ஓரத்தில் ஸ்வெட்டர் விற்கிறவரிடம் ஆளுக்கு ஒன்று வாங்கி, கணவருக்கு ஒரு குரங்குக் குல்லாவும் எடுத்தேன். அதைப் போட்டுக்கொண்டு கண்ணாடி முன்னால் நின்று, "ரெண்டரை நாளுக்கு இவ்ளோ அலம்பலா?" என்றார். அவருக்கும் உள்ளுக்குள் குஷிதான்.

டிசம்பரில் பள்ளியில் சுற்றறிக்கை வந்தது. அந்த வெள்ளிக்கிழமை பொங்கல் விழா, சனிக்கிழமை தேர்வு, யாருக்கும் விடுப்பு கிடையாது. எனக்கு உயிரே போன மாதிரி இருந்தது. தலைமையாசிரியையிடம் கெஞ்சிப் பார்த்தேன். அசையவில்லை. ஆசிரியைகள் அறையில் ஒருத்தி, "இந்த ஸ்கூல்ல யாரையாவது சாகடிச்சாத்தான் டீச்சர் லீவு" என்றாள். எல்லாரும் சிரித்தோம். பள்ளிகளில் காலங்காலமாகச் சொல்கிற ஜோக்குதான். ஆனால் நான் வீட்டுக்குப் போகிற வழியிலேயே யாரைச் சாகடிக்கலாம் என்று யோசிக்க ஆரம்பித்துவிட்டேன்.

என் பக்கத்து உறவில் யாரைச் சொன்னாலும் விசாரிக்க ஆள் வரும். சொந்த ஊர்க்காரர்கள் யாரும் தோதுப்படவில்லை. கடைசியில் சூரத்தில் இருக்கும் என் கணவரின் பெரியப்பா ஞாபகத்துக்கு வந்தார். வயசு எண்பதை நெருங்குகிறது. மகன் கிடையாது, ஒரே மகளோடும் மருமகனோடும் இருக்கிறார். இருபது வருடத்துக்கு முன்னால் பூர்வீக வீட்டைப் பிரித்ததில் தகராறாகி ஊரை விட்டே போனவர். பங்காளிகள் யாரும் அவரோடு பேசுவதில்லை. என் கணவர் மட்டும் மாதம் ஒரு தடவை போனில் நலம் விசாரிப்பார். செத்தார் என்று சொன்னால் யார் போய்க் கேட்கப் போகிறார்கள்? எனக்கு என் புத்திசாலித்தனத்தை நினைத்துப் பெருமையாகக்கூட இருந்தது.

வெள்ளிக்கிழமை விடியற்காலை, மீனம்பாக்கத்தில் வரிசையில் நின்றுகொண்டே, தலைமையாசிரியைக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பினேன். கணவரின் பெரியப்பா சூரத்தில் காலமாகிவிட்டார், திங்கள் வரை விடுப்பு வேண்டும் என்று. கைகூப்பும் பொம்மை ஒன்றும் சேர்த்தேன். கணவர் எட்டிப் பார்த்துவிட்டு, "நல்லா இருந்த மனுசன சாகடிச்சிட்டியே, நமக்குத் தீட்டு வந்துடப் போவுது" என்றார். "வாட்ஸ்அப்புல செத்தவருக்கு எல்லாம் தீட்டு கிடையாது" என்றேன் நான். இரண்டு பேரும் சிரித்துக்கொண்டே விமானம் ஏறினோம்.

டில்லியைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. வாயைத் திறந்தேன், புகை வந்தது. சின்னப் பிள்ளை மாதிரி தெருவில் நின்று ஊதி ஊதிப் பார்த்தேன். அதைத் தவிர மூன்று மாதம் திட்டம் போட்ட எதையும் சரியாகப் பார்க்கவில்லை. அப்படி ஒரு மூடுபனி. இந்தியா கேட் முன்னால் நின்றுகொண்டு, "எங்க இருக்குது?" என்று கேட்டார் கணவர். வெள்ளிக்கிழமை மதியமே போன் அடிக்க ஆரம்பித்தது. என் ஓரகத்தியிடமிருந்து ஆறேழு அழைப்பு. அவள் என் கணவரின் இன்னொரு பெரியப்பா மகனுடைய மனைவி. அவள் மாமனார் நடு அண்ணன், சூரத்துக்காரர் மூத்தவர், என் மாமனார் கடைசி. எங்கள் வீட்டுக்கு நாலு வீடு தள்ளி இருக்கிறாள். அவள் வீட்டுக்கு அடுத்த வீடு எங்கள் பள்ளி அலுவலகத்தில் வேலை பார்க்கும் பெண்மணியுடையது. பள்ளியில் சந்தேகப்பட்டு ஓரகத்தி மூலமாக நோட்டம் பார்க்கிறார்கள் என்றே நினைத்தேன். நான் எடுக்கவில்லை. கணவரையும் எடுக்கவிடவில்லை. இரண்டு போனையும் அணைத்து ஸ்வெட்டர் பையில் போட்டுக்கொண்டேன்.

அந்த ஓரகத்தியின் மகளுக்கு ஐப்பசியில்தான் கல்யாணம் ஆகியிருந்தது. வாலாஜாபாத்தில் கொடுத்திருந்தார்கள். அந்த வியாழன் அவளுக்குத் தலைப் பொங்கல். பெண்ணும் மாப்பிள்ளையும் வருகிறார்கள் என்று ஒரு மாதமாக அந்த வீட்டில் ஒரே அமளி. அவள் அப்பா, அதாவது என் மூத்தார், மகளுக்கென்றே தன் தறியில் ஒரு மாம்பழ மஞ்சள் புடவை நெய்து முடித்திருந்தார். சின்னதிலிருந்து என் மடியிலேயே வளர்ந்த பெண் அவள். வாய்க்கு வாய் 'சித்தி, சித்தி' என்பாள். ஞாயிற்றுக்கிழமை கடைவீதியில் அவளுக்காக ஒரு சிவப்புச் சால்வை வாங்கினேன்.

பனியால் விமானம் தாமதமாகி, திங்கள் காலை ஆறரை மணிக்குத்தான் எங்கள் தெருவுக்குள் கார் நுழைந்தது. பொங்கல் வாரத்தில் அந்த நேரத்துக்குக் கோலம் இல்லாத வாசலே இருக்காது. கரும்பும் பானையுமாகக் கலர்ப்பொடிக் கோலங்களை ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டே வந்தேன். நாலு வாசல் மட்டும் வெறுமையாகக் கிடந்தது. நாலும் எங்கள் பங்காளி வீடுகள். மூத்தார் வீட்டுத் தறிச் சத்தமும் இல்லை.

"யாரோ போயிட்டாங்க போலருக்குதே" என்றார் கணவர்.

"ஐயோ, யாரு?" என்று கேட்டேன் நான். நிஜமாகவே பதறித்தான் கேட்டேன். அந்தக் கேள்வியை இன்று நினைத்தாலும் கூசுகிறது.

காரை விட்டு இறங்குவதற்குள் ஓரகத்தி ஒரு வாளி மஞ்சள் தண்ணீரோடு ஓடி வந்தாள். பின்னால் மூத்தார். முகத்தில் நாலு நாள் தாடி.

"நில்லு, நில்லு. சாவு வூட்டுக்குப் போயி வந்துக்கினு அப்படியே உள்ள போறியே. கால நனைச்சிக்கினு போம்மா" என்றாள். எங்கள் காலில் தண்ணீர் ஊற்றினாள். பள்ளி அலுவலகப் பெண்மணி வெள்ளிக்கிழமை காலையிலேயே ஓரகத்திக்குப் போன் செய்து துக்கம் விசாரித்திருக்கிறாள். எங்கள் வீடு பூட்டியிருந்தது, பெட்டியோடு விடியற்காலையில் போனதை எதிர்வீட்டில் பார்த்திருக்கிறார்கள், போனும் எடுக்கவில்லை. சூரத்துக்குத்தான் ஓடியிருக்கிறோம் என்று முடிவு கட்டிவிட்டார்கள். பெரியப்பா நம்பர் அவர்கள் யாரிடமும் இல்லை. நாலு வீடும் தலை முழுகிவிட்டு, தீட்டு காத்துக்கொண்டிருந்தது.

"எல்லாம் நல்லபடியா முடிஞ்சிதா?" என்று கேட்டாள்.

திருடனுக்குத் தேள் கொட்டிய மாதிரி நின்றேன். கணவர் வாயைத் திறந்தார். அவர் உண்மையைச் சொல்லப் போகிறார் என்று எனக்குத் தெரிந்தது. நான் முந்திக்கொண்டேன்.

"ஆச்சுக்கா."

அவள் என் கணவரின் முகத்தைப் பார்த்தாள். "தம்பிதான் கொள்ளி வச்சிருக்கும்னு பேசிக்கினு இருந்தோம். மீசை அப்படியே இருக்குதே?"

"அவங்க மாப்பிள்ளை வச்சாருக்கா." எங்கிருந்துதான் அவ்வளவு வேகமாக வந்ததோ.

பின்னால் நின்ற மூத்தார், "கடைசியா எங்களப் பத்தி எதுனா கேட்டாராமா?" என்றார். இருபது வருடம் பேசாத மனிதர். அவர் முகத்தை என்னால் பார்க்க முடியவில்லை. "கேட்டாராம் மாமா" என்று தரையைப் பார்த்துச் சொன்னேன். அவர் துண்டால் முகத்தை மூடிக்கொண்டார்.

சாவு வீட்டில் அடுப்பு எரியாது என்று இட்லியும் வேர்க்கடலைத் துவையலும் கொண்டுவந்து வைத்தாள் ஓரகத்தி. பரிமாறிக்கொண்டே, "பாப்பாவையும் மாப்பிள்ளையையும் வர வாணாம்னு சொல்லிட்டோம்மா. பங்காளித் தீட்டு, பதினாறு நாளு. பானை எப்படி வைக்கறது? போன்ல ஒரே அழுகை. என்னா பண்றது, தலையெழுத்து" என்றாள்.

அப்போதுதான் எனக்கு விளங்கியது. அன்று திங்கள். பொங்கலுக்கு முழுசாக மூன்று நாள் இருந்தது. நான் வாயைத் திறந்து ஒரு வார்த்தை சொன்னால் போதும். அந்தப் பெண் வந்துவிடுவாள், பானை ஏறிவிடும். நான் இட்லியைத் தின்றேன்.

அவள் போனதும் கணவர், "நான் போயி சொல்லிட்டு வரேன்" என்று எழுந்தார். நான் கையைப் பிடித்து உட்கார வைத்தேன். பள்ளிக்குத் தெரிந்தால் வேலை போகும் என்றேன். தெருவில் தலைகாட்ட முடியாது என்றேன். "நாளைக்கு நானே பக்குவமா சொல்றேன்" என்றேன். இருபது வருடமாக என் பேச்சைத் தட்டாத மனிதர். அன்றைக்காவது தட்டியிருக்கலாம்.

செவ்வாய்க்கிழமை பள்ளிக்குப் போனேன். ஆசிரியைகள் எல்லாரும் கையைப் பிடித்து ஆறுதல் சொன்னார்கள். அந்த ஜோக் சொன்னவளும்தான். புதன்கிழமை போகி. சொல்லியே தீருவது என்று மூத்தார் வீட்டு வாசல் வரை போனேன். உள்ளே அவர் சம்பந்தியிடம் போனில் பேசிக்கொண்டிருந்தார். "மன்னிச்சிக்கணும் சம்பந்தி. வேணும்னு யாரும் சாவறதில்ல. நல்ல நாளும் அதுவுமா இப்படி ஆயிடுச்சி." அவர் எதற்கு மன்னிப்பு கேட்கிறார்? ஓரகத்தி அந்த மஞ்சள் புடவையை ஒரு வெள்ளைத் துணியில் சுற்றி அலமாரியில் மேல் தட்டில் வைத்துக்கொண்டிருந்தாள். நான் செருப்பைக்கூடக் கழற்றவில்லை. திரும்பி வந்துவிட்டேன்.

வியாழன் காலை தெருவெல்லாம் 'பொங்கலோ பொங்கல்' என்று பிள்ளைகள் கூவினார்கள். தாம்பாளம் தட்டுகிற சத்தம். நாங்கள் கதவைச் சாத்திக்கொண்டு உள்ளே இருந்தோம். என் வீட்டிலும் பானை ஏறவில்லை. எப்படி ஏற்ற முடியும்? நானே சொன்ன சாவு.

மதியம் ஒரு மணி இருக்கும். ஓரகத்தி தலைவிரிகோலமாக ஓடி வந்தாள். கண்ணில் தண்ணீர், முகத்தில் சிரிப்பு.

"ஏம்மா, பெரிய மாமா உயிரோட இருக்காரும்மா! நம்ம பாப்பாவுக்குப் போன் பண்ணாராம். 'சூரத் தாத்தா பேசறேன் கண்ணு, தலைப் பொங்கல் நல்லா நடந்துதா'ன்னு கேட்டாராம். அவ பயந்துக்கினு போனயே கீழ போட்டுட்டாளாம்! எவனோ பாவி தப்பாத் தகவல் குடுத்து..."

பெண்ணின் நம்பரை அவருக்குக் கொடுத்தது என் கணவர்தான். ஐப்பசியிலேயே, கல்யாணச் செய்தி சொல்லும்போது, பொங்கலுக்கு ஒரு வார்த்தை வாழ்த்துங்கள், பழசெல்லாம் போகட்டும் என்று சொல்லிக் கொடுத்திருக்கிறார். அதை நாங்கள் இரண்டு பேருமே மறந்து போயிருந்தோம்.

ஓரகத்தி பாதியில் நின்றுவிட்டாள். சிரிப்பு மெல்ல இறங்கியது. "நீங்க ரெண்டு பேரும்... போயி, பாத்துட்டுத்தான வந்தீங்க?" என்று கேட்டாள். என் முகத்தைப் பார்த்தாள். அப்புறம் கணவர் முகத்தை. அப்புறம் கொடியில் உலர்ந்துகொண்டிருந்த இரண்டு ஸ்வெட்டரை.

"டில்லிக்குப் போனோம்க்கா" என்றேன். "சுத்திப் பாக்க. லீவு கெடைக்கலைன்னு..."

அவள் திட்டுவாள் என்று நினைத்தேன். எங்கள் பக்கத்துப் பெண்கள் வாயைத் திறந்தால் தெரு முனை வரைக்கும் கேட்கும். அவள் திட்டவில்லை. அப்படியே படியில் உட்கார்ந்தாள். "லீவுக்குப் பொய் யாருதான் சொல்லல? அது போவுது. திங்கக்கெழம சொல்லியிருக்கலாமேம்மா. மூணு நாளு இருந்துதே" என்றாள்.



சாயங்காலம் மூத்தார் காலில் விழப் போனேன். அவர் தறிக் குழியில் காலைத் தொங்கவிட்டபடி உட்கார்ந்திருந்தார். நெய்யவில்லை. "பேசாமலே போயிட்டாரேன்னு ஆறு நாளு அழுதேன்மா" என்றார். "கடைசியா எங்களக் கேட்டாருன்னு வேற சொன்னியே." அவ்வளவுதான். காலை இழுத்துக்கொண்டார்.

பொங்கல் விடுமுறை முடிந்ததும் பள்ளியில் உண்மையை எழுதிக் கொடுத்தேன். வேலை போகவில்லை. கண்டிப்பு, ஒரு மன்னிப்புக் கடிதம், அதோடு முடிந்தது. எதற்குப் பயந்து மூன்று நாள் வாயை மூடிக்கொண்டிருந்தேனோ அது அரை மணி நேரத்தில் தீர்ந்துவிட்டது. அந்தப் பெண்ணுக்குத்தான் தீரவில்லை. 'பொங்கலும் அதுவுமா சாவுச் சேதியோட வந்தவ' என்று அவள் மாமியார் சொல்லிக்காட்டியதாகக் கேள்விப்பட்டேன். சாவே பொய் என்று தெரிந்த பிறகு, 'அது இன்னா குடும்பமோ' என்று அதையும் சொல்லிக்காட்டினாளாம்.

மூத்தார் அந்த வாரமே சூரத்துக்குப் போன் செய்து பெரியப்பாவோடு பேசினார். இப்போது மாதா மாதம் பேசிக்கொள்கிறார்கள். அதைச் சொல்லி, "உன்னாலதான் ரெண்டு குடும்பமும் ஒண்ணு சேந்துது" என்று கணவர் என்னைத் தேற்றப் பார்ப்பார். எனக்கு அந்தப் பெருமை வேண்டாம். அவர்கள் சேர்ந்தது அவர்கள் நல்ல மனசு. பெரியப்பாகூட என்னோடு போனில் பேசினார். "சொல்லிட்டு சாகடிச்சிருக்கலாமே கண்ணு, நானும் போன எடுக்காம இருந்திருப்பேனே" என்று சிரித்தார். அவர் சிரிக்கச் சிரிக்க எனக்கு அழுகைதான் வந்தது.

அடுத்த வருடம் பொங்கலுக்குப் பெண்ணும் மாப்பிள்ளையும் வந்தார்கள். ஓரகத்தி பழசை மனசில் வைத்துக்கொள்ளாமல் என்னைக் கூப்பிட்டாள். அந்தச் சிவப்புச் சால்வையை ஒரு பையில் போட்டு எடுத்துக்கொண்டு போனேன். வாசலில் பானை பொங்கிக்கொண்டிருந்தது. அவள் அந்த மஞ்சள் புடவையைத்தான் கட்டியிருந்தாள். அழகாக இருந்தாள். என்னைப் பார்த்ததும் எழுந்து நின்று, மரியாதையாகச் சிரித்தாள்.

"வாங்க டீச்சர்" என்றாள்.

பையைப் பிரிக்காமலே திருப்பிக் கொண்டுவந்துவிட்டேன். அன்றிலிருந்து அவளுக்கு நான் டீச்சர்தான். கோபமாக ஒரு வார்த்தை சொன்னதில்லை. பார்க்கும்போதெல்லாம் நலம் விசாரிக்கிறாள், குழந்தையைக்கூட என் கையில் கொடுக்கிறாள். ஆனால் அந்தச் சித்தி என்ற வார்த்தை மட்டும் திரும்பி வரவில்லை. நிஜமான சாவுக்குப் பதினாறு நாள் என்று ஒரு கணக்கு இருக்கிறது, பதினாறாம் நாள் தலை முழுகினால் தீட்டு போய்விடும். நான் சொன்ன சாவுக்கு எத்தனை நாள், எந்தத் தண்ணீரில் முழுகுவது என்று இன்னும் எனக்குத் தெரியவில்லை.